வயிற்றைத் தொடுவதற்கு முன்

உடலின் மற்ற பகுதிகளைப் பரிசோதிக்கும்போது பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் என்ற வரிசையில் செல்லும் செவிலியர், வயிற்றுக்கு வந்ததும் அந்த வரிசையை மாற்றிக்கொள்கிறார். முதலில் பார்க்கிறார், அடுத்துக் கேட்கிறார், பிறகுதான் தட்டுகிறார், கடைசியாகத்தான் தொடுகிறார். அழுத்துவதும் தட்டுவதும் குடலின் அசைவைத் தூண்டி, இயல்பாக இருந்த ஒலியை மாற்றிவிடலாம் என்பது பாடநூல்கள் கூறும் காரணம். அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு என்று நான் நினைக்கிறேன். வலியுள்ள வயிற்றை எடுத்த எடுப்பில் அழுத்திவிட்டால், நோயாளி அடுத்த கணமே வயிற்றுத் தசைகளை இறுக்கிக்கொள்கிறார். அதற்குப் பிறகு எத்தனை முறை தொட்டாலும் கையில் தட்டுப்படுவது அவருடைய அச்சமாகவே இருக்கும், நோயாக இராது.

அறுவைச் சிகிச்சை வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றியபின், புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கு இந்தப் பரிசோதனையைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான்கு படிகளையும் அவர்கள் பிழையின்றி ஒப்பிப்பார்கள். ஆனால், மருத்துவர் ஏற்கெனவே பரிசோதித்துவிட்ட, ஸ்கேனும் எடுத்து முடித்துவிட்ட ஒரு வயிற்றைச் செவிலியர் மறுபடியும் ஏன் தொட வேண்டும் என்ற ஐயம் பலருக்கும் இருக்கும். நோய்க்குப் பெயர் வைப்பது நம் பொறுப்பு அன்று என்பது உண்மைதான். ஆனால் காலையில் மென்மையாக இருந்த வயிறு நண்பகலில் இறுகியிருக்கிறதா என்பதை, இரண்டு வேளையிலும் அதே படுக்கையருகே நின்றவரால்தான் சொல்ல முடியும். ஸ்கேன் ஒரு குறிப்பிட்ட நேரத்து நிலையைக் காட்டுகிறது. வயிற்றுக்குள் நிகழ்பவையோ மணிக்கு மணி மாறிக்கொண்டிருப்பவை. ஆகவே பணிநேரத்தின் தொடக்கத்தில், நோயாளி நலமாக இருப்பதாகத் தோன்றும்போதே செய்யும் முதல் பரிசோதனையை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதாகக் கருதுகிறேன். அந்த வயிறு நல்ல நிலையில் எப்படி இருந்தது என்பது கைக்குத் தெரிந்திருந்தால்தான், பிற்பாடு வரும் மாற்றம் மாற்றமாகத் தெரியும்.

பரிசோதனை கேள்விகளில் தொடங்குகிறது. கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார். சாப்பிட்டது வயிற்றில் தங்கியதா. வாந்தி எடுத்திருந்தால் அது உண்ட உணவா, பச்சை நிறப் பித்த நீரா, இரத்தம் கலந்ததா, காப்பித்தூள் நிறத்தில் இருந்ததா. மலம் கடைசியாக எப்போது கழிந்தது, வாயு பிரிகிறதா, சிறுநீர் தாராளமாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மலம் கறுப்பாகப் போகிறது என்று ஒருவர் சொன்னால், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா என்று உடனே கேட்பது பயனுள்ளது. மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ இரத்தம் கசிந்து செரித்து வரும் மலம் கறுப்பாக இருப்பதோடு நில்லாமல் பிசுபிசுத்து ஒட்டும், அதன் துர்நாற்றமும் தனியானது. வலிநிவாரணி மாத்திரைகளை நெடுநாளாக உட்கொள்கிறாரா என்பதும், முன்பு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறதா என்பதும் விடுபடக் கூடாத கேள்விகள். கருவுறும் வயதில் உள்ள பெண்களிடம் கடைசி மாதவிடாய் எப்போது வந்தது என்று கூச்சமின்றிக் கேட்க வேண்டும். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து உள்ளே இரத்தம் கசிவதும் முதலில் வெறும் அடிவயிற்று வலியாகவே வந்து நிற்கும்.

வலியைப் பற்றிக் கேட்கும்போது, இப்போது எங்கே இருக்கிறது என்பதோடு, எங்கே தொடங்கியது என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. குடல்வால் அழற்சியின் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கி, சில மணி நேரம் கழித்து வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்ந்து கூர்மையாகிறது. குடலிலிருந்து வரும் உணர்வு நரம்புகள் தண்டுவடத்தில் தொப்புள் பகுதித் தோலின் நரம்புகள் சேரும் மட்டத்திலேயே சேர்வதால், வலியின் இடத்தை மூளையால் துல்லியமாகப் பிரித்தறிய முடிவதில்லை. அழற்சி வயிற்றுச் சுவரின் உட்புற உறையைத் தொட்டபிறகுதான் இடம் தெளிவாகிறது. வயிற்றுக்குள் இருக்கும் கோளாறு தோள்பட்டையில் வலிப்பதற்கும் இத்தகைய காரணமே உண்டு. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து இறங்குகிறது. அதே பகுதியிலிருந்துதான் தோள்பட்டைத் தோலின் உணர்வு நரம்புகளும் வருகின்றன. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை முடிந்து வந்தவர்கள், வயிற்றில் அறுத்துவிட்டுத் தோளில் ஏன் வலிக்கிறது என்று கலங்கிக் கேட்பதற்கு, உள்ளே செலுத்தப்பட்ட கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதே வழக்கமான விளக்கம். ஆனால் அடிபட்டு வந்த ஒருவர் இடத் தோளில் வலி என்றால், மண்ணீரல் கிழிந்திருக்கலாம் என்ற எண்ணம் உடனே வர வேண்டும்.

கேள்விகள் முடிந்ததும் நோயாளியைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை அடிவயிற்றில் கட்டி இருப்பதாக நினைக்க வைக்கும், அழுத்தினால் வலிக்கவும் செய்யும். மல்லாந்து படுக்கவைத்து, தலைக்குச் சிறிய தலையணை ஒன்றும், முழங்கால்களுக்குக் கீழே மற்றொன்றும் வைத்தால் வயிற்றுச் சுவர் தளர்கிறது. கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தால் வயிற்றுத் தசைகள் இழுபடும் என்பதால், உடலோடு ஒட்டி வைக்கச் சொல்ல வேண்டும். செவிலியர் நோயாளியின் வலப்பக்கம் நிற்பதே வழக்கம். கைகளைத் தேய்த்து வெதுவெதுப்பாக்கிக்கொள்வதும், நகங்களை ஒட்ட வெட்டியிருப்பதும், ஸ்டெதாஸ்கோப்பின் தட்டை உள்ளங்கையில் சற்றுநேரம் வைத்திருந்து குளிர் போக்குவதும் சிறு செயல்கள். ஆனால் குளிர்ந்த கை பட்ட கணத்தில் வயிறு தானாக இறுகிவிடும் என்பதால் இவையும் பரிசோதனையின் பகுதிகளே.

திரையை முழுதாக இழுத்து மூட வேண்டும் என்பதை நான் ஒவ்வொரு புதியவரிடமும் வற்புறுத்துகிறேன். மார்புக்குக் கீழிருந்து இடுப்பெலும்பு வரை மட்டுமே திறந்து, மற்ற பகுதிகளைப் போர்வையால் மூடியிருக்க வேண்டும். வயிற்றைத் திறந்து காட்டுவது பலருக்கும் கூச்சம் தரும் செயல். யாரேனும் உள்ளே வந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் படுத்திருக்கும் ஒருவரின் வயிறு ஒருபோதும் தளராது. என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒவ்வொரு படிக்கும் முன்னரே சொல்லி, அவருடைய சம்மதத்தைப் பெற்றுக்கொண்டு, வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். அந்த இடத்தை இறுதிவரை தொடாமல் விட்டுவைக்க வேண்டும்.

கையின் கீழே என்ன இருக்கிறது என்ற வரைபடம் மனத்தில் இல்லாவிட்டால் இந்தப் பரிசோதனைக்குப் பொருளில்லை. தொப்புள் வழியே நெடுக்காக ஒரு கோடும் குறுக்காக ஒரு கோடும் வரைந்ததாகக் கொண்டால் நான்கு கால்பகுதிகள் கிடைக்கின்றன. வல மேற்பகுதியில் கல்லீரலின் பெரும்பகுதி, பித்தப்பை, முன்சிறுகுடல், கணையத்தின் தலைப்பகுதி ஆகியவையும், இட மேற்பகுதியில் இரைப்பை, மண்ணீரல், கணையத்தின் உடலும் வாலும் ஆகியவையும் இருக்கின்றன. வலக் கீழ்ப்பகுதியில் பெருங்குடலின் தொடக்கமும் குடல்வாலும், இடக் கீழ்ப்பகுதியில் பெருங்குடலின் வளைந்த இறுதிப் பகுதியும் அமைந்துள்ளன. பெண்களுக்கு இவ்விரு கீழ்ப்பகுதிகளிலும் சினைப்பையும் கருக்குழாயும் உண்டு. சிறுநீரகங்கள் இரண்டும் பின்பக்கமாக, விலா எலும்புகளின் மறைவில் இருக்கின்றன. நடுக்கோட்டை ஒட்டிப் பெருந்தமனி கீழிறங்கி, ஏறத்தாழத் தொப்புளின் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது.

பார்த்தல் என்ற முதல் படியைத்தான் பெரும்பாலோர் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ நான்கு படிகளிலும் அதுவே வளமானதாகத் தோன்றுகிறது. போர்வையை விலக்குவதற்கு முன்பே, நோயாளி படுத்திருக்கும் விதம் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது. வயிற்றறையின் உறையில் அழற்சி கண்டவர் அசையாமல் கிடப்பார். மூச்சைக்கூட மேலோட்டமாக இழுத்து விடுவார், யாரேனும் கட்டிலில் இடித்துக்கொண்டால் முகம் சுளிப்பார். சிறுநீரகக் கல்லால் துடிப்பவரோ ஒரு நிலையில் இருக்க மாட்டாமல் புரண்டுகொண்டும், எழுந்து நடந்துகொண்டும் இருப்பார். இருவருமே வலிக்கிறது என்று ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள் என்பதால், சொல்லைக் கேட்பதோடு உடலையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிறகு நின்ற நிலையிலும், கண்கள் வயிற்றின் மட்டத்துக்கு வரும்படி குனிந்தும் பார்க்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் சிறிய மேடுகளும் அசைவுகளும் நிழலால் புலப்படும். வயிறு தட்டையாக இருக்கிறதா, உட்குழிந்திருக்கிறதா, உப்பியிருக்கிறதா, இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். உப்பிய வயிற்றுக்குக் கொழுப்பு, நீர், வாயு, மலம், கரு, கட்டி என்ற ஆறு காரணங்களையும் வரிசையாக நினைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். பழைய அறுவைத் தழும்பு இருந்தால், உள்ளே ஒட்டுத்திசு உருவாகியிருக்கலாம் என்பதையும், அதுவே பிற்காலத்தில் குடல் அடைப்புக்குக் காரணமாகலாம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். தொப்புளிலிருந்து நாலாபுறமும் புடைத்துச் செல்லும் சிரைகள் கல்லீரல் வழியான இரத்த ஓட்டம் தடைப்பட்டிருப்பதைக் காட்டக்கூடும். தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்திருந்தால் அதற்குக் கல்லன் குறி என்றும், விலாவுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட பக்கவாட்டில் அவ்வாறு இருந்தால் கிரே டர்னர் குறி என்றும் பெயர். இரண்டுமே உள்ளே இரத்தம் கசிந்திருப்பதன் அடையாளங்கள். கடுமையான கணைய அழற்சியில் இவை தோன்றக்கூடும். ஆனால் இவை அரிதாகவும், தாமதமாகவுமே தோன்றுபவை என்பதால், இவை இல்லை என்பதைக் கொண்டு நிம்மதி அடைய இயலாது. ஒல்லியானவர்களிடம் மேல்வயிற்றில் பெருந்தமனியின் துடிப்பு தெரிவது இயல்பே. குடலின் அலை அசைவு தோலுக்கு மேலே நன்றாகத் தெரிந்தால், அடைப்பு ஒன்றை எதிர்த்துக் குடல் போராடுகிறதா என்று எண்ண வேண்டும். இருமச் சொன்னால் அல்லது தலையை மட்டும் தூக்கச் சொன்னால், அதுவரை தெரியாத குடலிறக்கம் புடைத்து வெளிப்படும்.

அறுவைச் சிகிச்சையில் குடலின் வாய் வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவரப்பட்டு, பை பொருத்தப்பட்டவர்களிடம் அந்த வாயின் நிறத்தைப் பார்க்காமல் பரிசோதனை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. அது சிவந்து ஈரமாக இருக்க வேண்டும். கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று பொருள், மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். ஒளி ஊடுருவாத பையாக இருந்தால் அதைத் திறந்து பார்க்கும் சிரமத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்தது கேட்டல். பிரான்சின் மருத்துவர் லென்னக் 1816-இல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தது மார்பின் ஒலிகளைக் கேட்பதற்காகத்தான். அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1905-இல் இரைப்பையும் குடலும் எழுப்பும் ஒலிகளின் தாளத்தை ஆராய்ந்து எழுதியபின் வயிற்றின் ஒலிகளும் முறையான கவனத்தைப் பெற்றன. ஸ்டெதாஸ்கோப்பின் தட்டையான பக்கத்தை வலக் கீழ்ப்பகுதியில் மெதுவாக வைத்துத் தொடங்குவது வழக்கம். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் வாயில் அங்கே இருப்பதால் ஒலி பெரும்பாலும் எளிதில் கிடைக்கும். நிமிடத்துக்கு 5 முதல் 30 வரையிலான, ஒழுங்கற்ற இடைவெளியில் வரும் களகள ஒலிகளை இயல்பானவையாகக் கொள்கிறோம். ஒலியே இல்லை என்று எழுதுவதற்கு முன் 5 நிமிடம் முழுதாகக் கேட்டிருக்க வேண்டும் என்று பாடநூல்கள் கூறுகின்றன. மூக்குவழி இரைப்பைக் குழாயில் உறிஞ்சு கருவி ஓடிக்கொண்டிருந்தால், கேட்கும் நேரத்துக்கு அதை நிறுத்திவைக்க வேண்டும். அதன் ஒலி குடல் ஒலியாகவே காதில் விழும்.

இந்தப் படியின் மதிப்பு குறித்து நேர்மையாகப் பேச வேண்டியது அவசியம் என்று நினைக்கிறேன். பதிவு செய்யப்பட்ட குடல் ஒலிகளைப் பல மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டி, இது இயல்பா, அடைப்பா, இயக்கமற்ற குடலா என்று கேட்ட ஆய்வுகளில், அவர்களின் விடைகள் ஒத்துப்போகவில்லை. ஓரிடத்தில் எழும் ஒலி வயிறு முழுவதும் பரவுவதால், நான்கு பகுதிகளிலும் ஒலி கேட்கிறது என்று எழுதுவது நான்கு பகுதிகளிலும் குடல் இயங்குகிறது என்பதற்குச் சான்றும் ஆகாது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் குடல் விழித்துக்கொண்டதா என்பதை அறிய, வாயு பிரிந்ததா, மலம் கழிந்ததா, கொடுத்த உணவு குமட்டலின்றித் தங்குகிறதா என்ற கேள்விகளே அதிகம் உதவுகின்றன. அதற்காக ஸ்டெதாஸ்கோப்பைக் கைவிடலாம் என்று நான் சொல்லவில்லை. விட்டுவிட்டு வரும் வலியோடு சேர்ந்து உயர்ந்த சுருதியில் கணீரென்று ஒலிகள் வருவதும், முந்தைய நாள் ஒலித்துக்கொண்டிருந்த வயிறு இன்று உப்பி அடங்கிப்போயிருப்பதும் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கும்போது பொருளுள்ளவை. ஒலியை மட்டும் தனியே வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பதே என் கருத்து. ஸ்டெதாஸ்கோப்பின் கிண்ணம்போலக் குழிந்த பக்கத்தைப் பெருந்தமனி, சிறுநீரகத் தமனிகள், இடுப்புத் தமனிகள் ஆகியவற்றின் மேல் வைத்துக் கேட்டு, இரத்தம் சீறிச் செல்லும் ஓசை ஏதும் உண்டா என்றும் பார்க்கிறோம்.

தட்டிப் பார்க்கும் முறையை 1761-இல் எழுதி வெளியிட்டவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த மருத்துவர் அவன்ப்ருக்கர். விடுதி நடத்திய அவருடைய தந்தை, மது எந்த மட்டம் வரை இருக்கிறது என்று பீப்பாய்களைத் தட்டி அறிந்ததைப் பார்த்து வளர்ந்தவர் அவர் என்று சொல்வதுண்டு. இடக்கையின் நடுவிரலை வயிற்றின் மேல் படிய வைத்து, அதன் மேல் வலக்கை நடுவிரலின் நுனியால் மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்ட வேண்டும். வாயு நிறைந்த குடல் முழவோசையும், கல்லீரல், நீர், கட்டி ஆகியவை மந்த ஓசையும் தருகின்றன. காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் கல்லீரலின் மந்த ஓசை சுமார் 6 முதல் 12 செண்டிமீட்டர் வரை இருப்பது இயல்பு. வயிற்றில் நீர் கோத்திருந்தால், மல்லாந்திருக்கும்போது பக்கவாட்டில் இருந்த மந்த ஓசை, ஒருக்களித்துப் படுத்ததும் இடம் மாறும். ஆனால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் சேர்ந்தபின்னரே இவ்வாறு தெளிவாகத் தெரியும். நீர் கூடுகிறதா குறைகிறதா என்பதைத் தொடர்ந்து அறிய வயிற்றின் சுற்றளவை நாடாவால் அளப்பதே நல்லது. தொப்புள் மட்டத்தில், தோலில் பேனாவால் குறியிட்ட அதே இடத்தில், அதே நேரத்தில், மூச்சை வெளிவிட்ட நிலையில் அளந்தால்தான் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட முடியும்.

தட்டிப் பார்ப்பதால் செவிலியருக்கு அன்றாடம் கிடைக்கும் பெரிய பயன் சிறுநீர்ப்பையைக் கண்டறிவதுதான். அறுவைச் சிகிச்சை முடிந்த இரவில் ஒரு முதியவர் அமைதியின்றிப் புரள்வார், போர்வையை இழுப்பார், எழ முயல்வார், இடம் புரியாமல் பேசுவார். தூக்க மாத்திரை கேட்டு அழைப்பதற்கு முன், அடிவயிற்றைத் திறந்து இடுப்பெலும்புக்கு மேலே தட்டிப் பாருங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். மந்த ஓசை தொப்புள் நோக்கி ஏறியிருந்தால் அவருக்குத் தேவைப்படுவது தூக்கம் அன்று. சிறிது சிறிதாகச் சிறுநீர் கழிந்துகொண்டிருப்பதால் அடைப்பு இல்லை என்று எண்ணுவதும் தவறு. நிரம்பி வழிவதும் அப்படித்தான் இருக்கும். பெரியவர்களின் சிறுநீர்ப்பை வழக்கமாக 400 முதல் 600 மில்லிலிட்டர் வரையே கொள்ளும் என்பதை நினைவில் வைத்திருந்தால், கடைசியாக எப்போது எவ்வளவு கழிந்தது என்ற பதிவேடே பாதி விடையைச் சொல்லிவிடும்.

இறுதியாகத் தொடுதல். விரல்களைச் சேர்த்துத் தட்டையாக வைத்து, விரல் நுனியால் குத்தாமல், விரல்களின் உட்பரப்பால் ஒரு செண்டிமீட்டர் ஆழத்துக்கு மெல்ல அழுத்த வேண்டும். வலியில்லாத பகுதியிலிருந்து தொடங்கி, நான்கு பகுதிகளையும் சுற்றி, வலிக்கும் இடத்துக்குக் கடைசியில் வர வேண்டும். இந்த நேரத்தில் செவிலியரின் கண்கள் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும், தம் கையில் அல்ல. வலி முதலில் புருவத்திலும் உதட்டிலும் தெரிகிறது, சொல்லாக வெளிவருவது அதற்குப் பிறகே. கூச்சத்தால் நெளிபவரிடம், அவருடைய கையையே வயிற்றின் மேல் வைக்கச் சொல்லி, அதன் மேல் நம் கையை வைத்து அழுத்தத் தொடங்கினால் கூச்சம் அடங்குகிறது. ஆழமாக அழுத்திக் கட்டியையும் உறுப்புகளின் விளிம்பையும் தேடுவது பயிற்சி பெற்ற கைக்குரிய வேலை. ஒவ்வொரு மருத்துவமனையிலும் அது யாருடைய பொறுப்பு என்பது வேறுபடும் என்பதால், நமக்கு வகுக்கப்பட்ட எல்லைக்குள் நிற்பதே சரி.

தொடும்போது அறிய வேண்டியவற்றில் மிக முக்கியமானது தசையின் இறுக்கம். நோயாளி தாமாக வயிற்றை இறுக்கிக்கொள்வதும், உள்ளே அழற்சி இருப்பதால் அவருடைய விருப்பமின்றியே தசை இறுகுவதும் கைக்கு ஒன்றுபோலத் தோன்றும். வேறுபாட்டை மூச்சு காட்டிக்கொடுக்கிறது. வாயைத் திறந்து மெதுவாக மூச்சை வெளிவிடச் சொன்னால், தாமாக இறுக்கியவரின் வயிறு அந்த நேரத்தில் தளரும். மற்றவருடைய வயிறு தளராது. பேச்சுக் கொடுத்தபடியே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பதுபோல அழுத்திப் பார்ப்பதும் பயன்தரும் முறை. மூச்சுக்கும் பேச்சுக்கும் சற்றும் நெகிழாத விறைப்பு தென்பட்டால், அது அவசர நிலை. மற்ற படிகளை முடித்துவிட்டு அழைக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

மருத்துவர்கள் பார்க்கும் சில தனிக்குறிகளைச் செவிலியர் அறிந்திருப்பது, அவர்கள் எழுதுவதைப் புரிந்துகொள்ளவும் தாம் கண்டதைச் சரியாகச் சொல்லவும் உதவும். வலப்பக்க இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்குச் செல்லும் கோட்டில், இடுப்பெலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் உள்ள இடத்தை 1889-இல் நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி குறித்துக் காட்டினார். குடல்வால் அழற்சியில் வலி மிகுவது அங்கேதான். இடப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் வலிக்கும் குறியை 1907-இல் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ரோவ்சிங் விவரித்தார். வல விலா விளிம்பின் கீழே விரல்களை வைத்து ஆழ மூச்சிழுக்கச் சொல்லும்போது, வலியால் மூச்சு பாதியில் நின்றுவிட்டால் அது மர்ஃபி குறி. பித்தப்பை அழற்சியைச் சுட்டுவது. ஆழமாக அழுத்திச் சட்டென்று கையை எடுத்து வலியைச் சோதிக்கும் பழைய முறையை நான் விரும்புவதில்லை. இருமச் சொன்னால் அல்லது மெல்லத் தட்டினால் அதே தகவல் கிடைக்கும்போது, அந்த வேதனையைத் தருவதற்கு நியாயம் ஏதுமில்லை.

தொடவே கூடாத வயிறுகளும் உண்டு. நடுவயிற்றில் விரிந்து விரிந்து துடிக்கும் வீக்கம் தென்பட்டால் அதைக் கையால் அளக்க முயலாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். வயிற்றுப் பெருந்தமனியின் குறுக்களவு 3 செண்டிமீட்டரை எட்டினாலே அது தமனி வீக்கமாகக் கருதப்படுகிறது, பெரிய வீக்கம் வெடிக்கும் அபாயம் கொண்டது. குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி என்று ஐயமிருந்தால் வயிற்றை அழுத்தக் கூடாது என்ற பலகையையே படுக்கையருகே வைப்பார்கள். அழுத்தத்தால் கட்டியின் உறை கிழிந்து புற்றணுக்கள் பரவக்கூடும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களிடமும் அந்த இடத்தில் ஆழமாக அழுத்தக் கூடாது.

வயது இந்தப் பரிசோதனையின் பொருளை மாற்றுகிறது. முதியவர்களின் வயிற்றுத் தசை மெலிந்திருப்பதால், உள்ளே குடல் துளைபட்டிருந்தாலும் வயிறு மென்மையாகவே இருக்கலாம். ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களிடமும் அப்படித்தான். அவர்களிடம் வலியின் அளவை நம்பாமல், நாடித்துடிப்பு கூடுவதையும், பசி போய்விட்டதையும், திடீர்க் குழப்பத்தையும் வயிற்றோடு சேர்த்து எடைபோட வேண்டும். தளர்நடைப் பருவக் குழந்தையின் வயிறு முன்தள்ளியிருப்பது இயல்பானது. கைக்குழந்தையின் கல்லீரல் விலாவுக்குக் கீழே ஒன்றிரண்டு செண்டிமீட்டர் தட்டுப்படுவதும் இயல்பே. ஆனால் பிறந்த குழந்தை மூச்சுத் திணற, அதன் வயிறு குழிந்திருந்தால், குடல் உதரவிதானத்தின் ஓட்டை வழியே மார்புக்குள் போயிருக்கலாம். 20 வாரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணியை நெடுநேரம் மல்லாந்து படுக்கவைத்தால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தி மயக்கம் வரும் என்பதால், வல இடுப்பின் கீழே தலையணை வைத்து இடப்பக்கம் சாய்க்க வேண்டும்.

வலிநிவாரணி கொடுத்தால் அறிகுறிகள் மறைந்துவிடும், மருத்துவர் பார்க்கும்வரை நோயாளி பொறுத்திருக்கட்டும் என்ற பழைய எண்ணம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தகுந்த அளவில் வலிநிவாரணி கொடுப்பது நோயைக் கண்டறிவதைக் கெடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வலி தணிந்தவரின் வயிறு தளர்ந்து பரிசோதனைக்கு இன்னும் எளிதாகிறது. அதேநேரம், மருந்து ஏதும் கொடுக்காமலே கடும் வலி திடீரென்று நின்றுபோனால் மகிழ்ந்துவிடக் கூடாது. வீங்கிய குடல்வால் துளைபட்ட கணத்தில் உள்ளழுத்தம் குறைந்து வலி சற்றுநேரம் ஓய்வது உண்டு; அழற்சி வயிறெங்கும் பரவுவது அதற்குப் பின்னரே.

கண்டதை எழுதும்போது, வயிறு இயல்பாக உள்ளது என்ற ஒற்றை வரி அடுத்த பணிநேரத்தில் வருபவருக்கு எதையும் சொல்வதில்லை. மென்மையாக இருந்ததா, எந்தப் பகுதியில் எவ்வளவு அழுத்தத்தில் வலித்தது, உப்பியிருந்தால் சுற்றளவு எத்தனை செண்டிமீட்டர், வாயு பிரிந்ததா, கடைசி மலம் எப்போது என்று எழுத வேண்டும். பணி மாறும் நேரத்தில், வருபவரும் போகிறவரும் சேர்ந்து ஒரே வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை எங்கள் வார்டில் வழக்கமாக்கியிருக்கிறோம். மென்மை, இறுக்கம் என்ற சொற்களுக்கு இருவரும் ஒரே பொருளைக் கொள்ள வேறு வழியில்லை. மாற்றம் தெரிந்து மருத்துவரை அழைக்கும்போதும், வயிறு சரியில்லை என்று தொடங்காமல், காலை 8 மணிக்கு மென்மையாக இருந்தது, இப்போது 11 மணிக்கு வலக் கீழ்ப்பகுதியில் மூச்சுவிடும்போதும் இறுக்கம் தளரவில்லை, நாடித்துடிப்பு 84-லிருந்து 112-க்கு ஏறியிருக்கிறது, நேற்றிரவிலிருந்து வாயு பிரியவில்லை என்று சொன்னால், எவ்வளவு விரைவாக வர வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். அவர் வரும்வரை நோயாளிக்கு வாய்வழியாக எதையும் கொடுக்காமல் நிறுத்திவைத்து, அழைத்த நேரத்தையும் அவர் சொன்னதையும் குறித்துவிட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, வயிற்றை அதே கையால் மறுபடியும் மெதுவாகத் தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.